சங்கு ஊதினால் அரிசி போடு

பொன்மலை
14-5-1961, ஞாயிறு

அன்பு மகள் ரங்கநாயகிக்கு அப்பா வீரமலை மனமார ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. ரங்கநாதர் புண்ணியத்தில் நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், அழகிரி, மாரியாயி, மருதை ஆக நான்கு பேரும் உயிரோடு இருக்கிறோம், கை கால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன, மூன்று வேளையும் சாப்பிடுகிறோம், சாப்பிட்டது வயிற்றில் தங்குகிறது. இவ்வளவையும் அம்மாவை உட்காரவைத்து இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு அப்புறம் மேலே படி.

உன் கார்டு வியாழக்கிழமை கிடைத்தது. ஸ்ரீரங்கத்து அத்தை அம்மாவுக்குப் போட்ட கடிதத்தை நீ படித்துக் காட்டிய அன்றையிலிருந்து அம்மா பெட்டியை இறக்கிவைத்துக்கொண்டு, பிள்ளைகள் அங்கே என்ன கதியில் இருக்கிறார்களோ, இருபத்தெட்டாம் தேதி ரயிலுக்கு நான் கிளம்பியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்பதாக எழுதியிருந்தாய். மகளே, அதை மட்டும் நடக்க விடாதே. உனக்கு ரத்தம் போதாது, மூன்று மாதம் கனமானது எதையும் தூக்கக் கூடாது, குடத்தைத் தொடக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். நீ ரயிலேறி வரக் கூடாது என்று அவர்கள் தடுத்ததால்தானே, நம் வீட்டில் நடக்க வேண்டிய பிரசவத்துக்கு அம்மா அத்தனை தூரம் கரக்பூருக்கு வந்தாள். மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போய்விட்டால் ஒரு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு பாஷை தெரியாத ஊரில் நீ தனியாக என்ன செய்வாய் என்று நினைத்தால் எனக்கு வேலையில் கை ஓடவில்லை. அம்மா இங்கே வந்தால் எங்களுக்கு நல்ல சாப்பாடு கிடைக்கும், அவ்வளவுதான். அங்கே இருந்தால் உனக்கு உடம்பு தேறும். ஆகையால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், அவள் கேட்டுவிட்டுத் தீர்மானம் செய்யட்டும். அத்தை எழுதியதில் பாதி உண்மை. மீதிப் பாதியும் உண்மைதான், ஆனால் அவள் சொன்ன விதம் சரியில்லை.

அம்மா தந்தி வந்த கையோடு கிளம்பினாள் அல்லவா, அந்த அவசரத்தில் குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டேன். போடுற அளவுதான் என்றாள். புளி எவ்வளவு என்றேன். அதுக்குத் தகுந்த மாதிரி என்றாள். எதற்குத் தகுந்த மாதிரி என்று கேட்பதற்குள் குதிரை வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷமாக ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சாமானைத் தூக்கி மூலையில் போடுகிற இடத்தில் வேலை பார்க்கிறவன் நான், என்னிடம் இப்படிச் சொல்லிவிட்டுப் போனால் நான் என்ன செய்வேன். முதல் நாள் ரசத்துக்குக் கட்டிப் பெருங்காயம் ஒரு நெல்லிக்காய் அளவு போட்டேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சகாயம்மாள் எங்கள் வீட்டில் யாருக்கு வயிற்று வலி என்று விசாரித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார்கள். அப்புறம்தான் எனக்கு மாரியாயி ஞாபகம் வந்தது. அவளுக்கு இப்போதுதான் ஒன்பது வயது என்றாலும் தவழ்கிற காலத்திலிருந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே கிடந்தவள். அளவு என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது, ஆனால் அம்மா செய்கிற ஒவ்வொன்றும் வரிசை தப்பாமல் தெரியும். உப்பு எவ்வளவு என்று கேட்டால், அம்மா உப்பு போட்டா வளையல் மூணு தடவ சத்தம் கேக்கும்பா என்கிறாள். சரியென்று நானும் மூன்று தடவை அள்ளிப் போட்டேன். அன்றைக்குக் குழம்பை வாயில் வைத்த அழகிரி எழுந்துபோய்க் குழாயடியில் உட்கார்ந்துகொண்டான். மாரியாயிதான் என் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்பா உங்க கை அம்மா கை மாதிரி ரெண்டு இருக்கும், நீங்க ஒண்ணரை தடவ போடுங்க என்று தீர்ப்புச் சொன்னாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் உப்பு ஒன்றரை. பெரியவளானால் இவளை எங்கள் வொர்க்‌ஷாப்பிலேயே சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம்.

இந்த இடத்தில் நீ கொஞ்சம் இருமிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடு, இதை அம்மாவுக்குப் படிக்க வேண்டாம். ஒரு நாள் பருப்பு வெந்து, மத்தை எடுத்துக் கடையப் போனேன். மாரியாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்ப சொல்லணும்பா என்றாள். என்ன சொல்லணும் என்றேன். உங்கப்பாவுக்கு என்ன, மகராசன், அப்படின்னு சொல்லிட்டுத்தாம்பா அம்மா பருப்பு கடைவாங்க என்றாள். விளையாடுகிறாள் என்று பார்த்தால் முகத்தில் சிரிப்பே இல்லை. கடுகு வெடிக்கும்போது எல்லாம் என் தலையெழுத்து என்று சொல்லணுமாம். குழம்பை இறக்கும்போது, இந்த வீட்டுல எனக்கு ஒரு வாய்த் தண்ணி மோந்து குடுக்க ஆளு உண்டா என்று சொல்லணுமாம். பிள்ளை இதையெல்லாம் சமையலுக்கு உண்டான மந்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. சொல்லாவிட்டால் குழம்பு சேராது என்று அழுகைக்கு வந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் நானும் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, உங்கப்பாவுக்கு என்ன, மகராசன் என்று சொல்லித்தான் தினமும் பருப்பு கடைகிறேன். அழகிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். ஐந்து வயது மருதைக்கு விவரம் தெரியாது, அவன் ரயிலுக்குக் கொடி காட்டுகிற மாதிரி அகப்பையை ஆட்டிக்கொண்டு எல்லாம் என் தலையெழுத்து என்று கூடவே கத்துகிறான். சுவருக்கு அந்தப் பக்கம் சகாயம்மாள் வீட்டில் என்ன நினைக்கிறார்களோ தெரியவில்லை. இருபத்தொரு வருஷமாக அடுத்த அறையில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறேன், இதில் ஒரு வார்த்தை என் காதில் விழுந்ததில்லை. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது மகளே.

இனிச் சத்தமாகப் படிக்கலாம். பிள்ளைகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். வெங்காயம் உரிப்பதும் விறகு எடுத்து வைப்பதும் பதினொரு வயது அழகிரி. மாரியாயி மேஸ்திரி. மருதைக்கு அரிசியில் கல் பொறுக்குகிற வேலை. ஒரு கல்லுக்கு ஒரு சபாஷ் என்று சொல்லிவிட்டேன், அது நான் செய்த பிசகு. முறத்தில் கல் தீர்ந்ததும் அவன் வெளியே போய்த் தண்டவாளத்து ஜல்லி நான்கைக் கொண்டுவந்து முறத்தில் வைத்துவிட்டு, அப்பா பாருங்க எவ்ளோ பெரிசு என்று சபாஷ் கேட்டான். எனக்குப் பெரிய பயம் கஞ்சி வடிப்பதில்தான். கொதிக்கிற பானையைப் பிள்ளைகள் தொட்டுவிடக் கூடாது என்று, பழைய இரும்புக் கடையில் பட்டை வாங்கி வளைத்து ஒரு தாங்கி செய்திருக்கிறேன். பானையை அதில் உட்காரவைத்து நீளமான கைப்பிடியை மெள்ளத் தாழ்த்தினால் பானை தானாகச் சாயும், மனிதன் மூன்று முழம் தள்ளி நிற்கலாம். முதல் நாள் மூடிக்குக் கொக்கி வைக்க மறந்துவிட்டதில் சோறும் கஞ்சியும் சேர்ந்தே இறங்கிவிட்டன, இப்போது கொக்கி வைத்தாகிவிட்டது. அப்படியும் வடிப்பது நான் மட்டும்தான், அம்மா கவலைப்பட வேண்டாம். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு ஏற்பாடு செய்தேன். வீட்டில் கடிகாரம் நின்றுபோய் வருஷம் ஒன்றாகிறது, ஆனால் வொர்க்‌ஷாப் சங்கு ஊதினால் எல்லா வீட்டுக்கும் கேட்கிறதே. சகாயம்மாள் பத்தரைக்கு வந்து கூட நின்று அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்துவிட்டுப் போவார்கள். பதினோரு மணிக்குச் சங்கு ஊதினால் அரிசியைக் களைந்து போட வேண்டியது, அடுத்த சங்கு பதினொன்றரைக்குச் சாப்பாட்டுச் சங்கு, அது ஊதினால் விறகை வெளியே இழுத்துவிட வேண்டியது, பத்து நிமிஷத்தில் நான் சைக்கிளில் வந்து வடித்துவிடுவேன். ஒரு சங்கு அரிசி, அடுத்த சங்கு விறகு என்று மூன்றுக்கும் பாடம் சொல்லி ஒப்பிக்க வைத்தேன். எட்டு நாள் அப்படியே தப்பாமல் நடந்தது. ஒரு வீட்டுச் சமையலையே சங்குக்குக் கட்டிவிட்டேன் என்று வேலை செய்கிற இடத்தில் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். அது தெய்வத்துக்கே பொறுக்கவில்லை போல இருக்கிறது.

ஒன்பதாம் நாள் புதன்கிழமை. யாரோ பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று அன்று காலையில் சங்கைத் துடைத்துச் சரிபார்த்து ஊதி ஊதிச் சோதனை பார்த்தார்கள். ஒன்றல்ல இரண்டல்ல, எட்டுத் தடவை. பக்கத்து மிஷின் பரக்கத் அலி, என்ன வீரமலை இன்னிக்கு இது நிறுத்த மாட்டேங்குது என்று காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார், எனக்கும் கொஞ்சம் பஞ்சு கொடுத்தார், நானும் அடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். அத்தனை சங்கும் என் வீட்டு அடுப்புக்குத்தான் ஊதுகிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை. சகாயம்மாள் அன்று பார்த்து மார்க்கெட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் முன்கூட்டியே ஒன்பதரைக்கு அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முதல் சங்கு ஊதியது, அரைப்படி அரிசியைக் களைந்து போட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் இரண்டாம் சங்கு, விறகை வெளியே இழுத்தார்கள். மூன்றாம் சங்கு ஊதியதும் அழகிரி, ஏற்கெனவே போட்டாச்சே என்று சொல்லியிருக்கிறான். ஊதுச்சா இல்லியா, ஊதுனா போடணும், அப்பா சொன்னா சொன்னதுதான் என்று மாரியாயி மேஸ்திரி உத்தரவு போட்டுவிட்டாள். மறுபடி விறகை உள்ளே தள்ளி, மறுபடி அரைப்படி. பானை நிறைந்ததும் குண்டான், குண்டான் நிறைந்ததும் அதைவிடப் பெரிய குண்டான், அதற்கும் மேலே குளிக்க வெந்நீர் வைக்கிற தவலை. ஒவ்வொன்றையும் அழகிரி குழாயில் தண்ணீர் பிடித்துக் காலியாக இருக்கும்போதே அடுப்பில் ஏற்றிச் செம்பு செம்பாக ஊற்றியிருக்கிறான், கொதிக்கிறதைத் தூக்கக் கூடாது என்று நான் சொன்னதை அந்த அமளியிலும் மறக்கவில்லை. நிறைந்த பாத்திரத்தை நீளமான கொக்கிக் கம்பியால், அடுப்போடு ஒட்டின கொடியடுப்புக்கும் திண்டுக்கும் மெள்ள இழுத்து நகர்த்திவிட்டார்களாம், தூக்கவில்லை. எட்டுச் சோதனைச் சங்கு, அதற்கு மேல் நிஜச் சங்கு இரண்டு, ஆக பத்து. பத்துச் சங்குக்கு ஐந்து தடவை அரிசி, ஐந்து தடவை விறகு. சொல்லிக் கொடுத்த பாடத்தில் ஒரு பிழை இல்லை, வாத்தியார்தான் மடையன்.

நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேருகிறேன், அதே நேரத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து அத்தை மாம்பழக் கூடையோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்து சேருகிறாள். நேரம் என்றால் அதுதான் நேரம். என் அக்காள் என்பதற்காகச் சொல்லவில்லை, எந்த வீட்டில் எந்தப் பாத்திரம் கவிழப் போகிறது என்று அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. அடுப்படி வாசலில் நின்று பார்த்தோம். மொத்தம் நாலு பாத்திரம், ஒன்றில் பதமாக வெந்த சோறு, ஒன்றில் குழைந்தது, ஒன்றில் அரைவேக்காடு, ஒன்றில் பச்சை அரிசி ஊறிக்கொண்டிருந்தது. மூன்று பிள்ளைகளும் வேர்த்து விறுவிறுத்துக் கரி முகத்தோடு வரிசையாக நிற்கின்றன. மாரியாயி மூச்சு வாங்கிக்கொண்டு, அப்பா ஒரு சங்கு கூட விடலப்பா என்றாள். அத்தை கூடையை இறக்கிவைத்துவிட்டு, ஏண்டா வீரமலை, பிள்ளைங்களுக்குச் சமைக்கச் சொல்லிக் குடுத்தியா, சத்திரம் நடத்தச் சொல்லிக் குடுத்தியா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் குனிந்து மூன்று பேருடைய கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தவலையைப் பார்க்கும்போது, இதில் ஒன்று சாய்ந்திருந்தால் என்று நினைப்பு ஓடிவிட்டது. சாயவில்லை மகளே. மருதையைச் சுண்ணாம்புக் கோடு போட்டு அதற்கு அந்தப் பக்கமே நிற்கவைத்திருக்கிறார்கள், அவன் கோட்டைத் தாண்டவே இல்லை. இதை அம்மாவுக்கு இன்னொரு தடவை படி. அதன் பிறகு சங்குச் சமையலை நான் நிறுத்திவிட்டேன். இப்போது காலையிலேயே நான் சமைத்து வைத்துவிட்டுத்தான் போகிறேன், நான் வீட்டில் இல்லாதபோது அடுப்பில் தணல்கூடக் கிடையாது. இதை அத்தை எழுதியிருக்க மாட்டாள். மூன்று பேரையும் ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், அம்மா வருகிறவரை என்னிடம் இருக்கட்டும் என்று அவள் அன்று துணிமணியை எடுத்து மூட்டை கட்டினதையும் எழுதியிருக்க மாட்டாள். மாரியாயி மூட்டையைத் திரும்பப் பிரித்துக்கொண்டே, நாங்க வந்துட்டா அப்பாவுக்கு யாரு சமைக்கிறது அத்தை என்று கேட்டாளே, அதோடு அத்தை மூட்டையை விட்டுவிட்டாள். மாம்பழத்தை நறுக்கிக் கொடுத்துவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள், போன கையோடு உங்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறாள்.

இத்தனை சோற்றை என்ன செய்வது என்று கேட்பாய். நன்றாக வெந்ததை நாங்களும் சாப்பிட்டு அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தோம். சகாயம்மாள் மார்க்கெட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், சிரித்து முடித்துவிட்டு, அண்ணே இந்த வெயில வீணாக்கக் கூடாது, வடகம் போட்டுருங்க என்று யோசனை சொன்னார்கள். அரைவேக்காட்டை எல்லாம் ஒன்றாகக் கொட்டி மறுபடி குழைய வேகவைத்து, பச்சை மிளகாயும் சீரகமும் அரைத்துக் கலந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, இரண்டு நாள் நாங்கள் நான்கு பேரும் கிள்ளிக் கிள்ளி வைத்தோம். காக்கை விரட்ட மருதையைக் குடையும் கையுமாக உட்காரவைத்தேன். காக்கை தின்றது ஒரு பங்கு, காவல் தின்றது இரண்டு பங்கு. மிச்சம் ஒரு பிஸ்கட் டின் நிறைய வந்திருக்கிறது. (இங்கே மறுபடி ஒரு இருமல். வடகம் காயப்போட மாரியாயி விரித்தது அம்மாவின் தீபாவளிச் சேலை. அம்மா சேலையில போட்டாத்தாம்பா அம்மா செஞ்ச மாதிரி வரும் என்று எனக்குத் தெரியாமல் பெட்டியைத் திறந்து எடுத்துவிட்டாள். எத்தனை அலசியும் புள்ளி புள்ளியாக நிற்கிறது. அதே மாதிரி கரையில் ஒன்று நெய்து தர முடியுமா என்று உறையூரில் கேட்டு வைத்திருக்கிறேன், முடியும் என்றிருக்கிறார்கள், அதுவரை நீயும் வாயைத் திறக்காதே.) இந்த டின்னையும் கடிதத்தையும் என்னோடு வேலை பார்க்கிற நம் லூர்து கையில் கொடுத்து அனுப்புகிறேன், அவருக்குக் கரக்பூரில் மூன்று மாதம் பயிற்சி, நாளைக்கு ரயில். நாலு வடகத்தைப் பொரித்து முதலில் அம்மாவிடம் கொடு. உப்பு சரியாக இருக்கிறதா என்று கேள். நான் போடவில்லை, மாரியாயி போட்டது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள் ரங்கநாயகி. பூண்டை ஒதுக்காமல் சாப்பிடு. சின்ன வயதில் தட்டைச் சுற்றிப் பூண்டை வேலி கட்டி வைப்பாயே, அங்கேயும் அதைச் செய்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம். காதில் பஞ்சு வைத்துக்கொள், பச்சைத் தண்ணீரில் கையை விடாதே. குழந்தைக்கு என் காது வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், பாவம், முடி வளர்ந்தால் மறைந்துவிடும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். லீவு நாளில் அவரையும் கொஞ்சம் அடுப்படியில் விட்டுப் பார், அவர் தப்பாக நினைக்காமல் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். முதல் வாரம் புகை, இரண்டாம் வாரம் உப்பு, மூன்றாம் வாரத்தில் மனிதன் ஒரு வழிக்கு வந்துவிடுவான், என் அனுபவத்தில் சொல்கிறேன். அம்மா ஆனி முடிகிறவரை உன்னோடு இருக்கட்டும். பள்ளிக்கூடம் திறந்தால் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்பாள். மாரியாயிக்குத் தலை பின்ன சகாயம்மாள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்.

கடைசியாக ஒன்று, இதை எப்படி அவளிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, நீ பெண் பிள்ளை, உனக்குத் தெரியும். நேற்றுப் பூண்டுக் குழம்பு வைத்தேன். முதல் தடவையாக யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை, மருதை தட்டை வழித்து நக்கினான், நானும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன், அப்புறமும் அம்மாவைத் தேடியது. போன மாதம் முழுவதும் சாப்பாட்டுக்குத்தான் அவளைத் தேடுகிறேன் என்று நினைத்திருந்தேன். வேலையிலிருந்து வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தியதும் சோறாச்சா என்று உள்ளே பார்த்துக் கேட்பேனே, உனக்கு நினைவிருக்கும். இருபத்தொரு வருஷத்தில் அவளைக் கூப்பிட எனக்குத் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான். இப்போது சமைத்து வைத்துவிட்டுப் போகிறவனே நான். அப்படியும் தினமும் சைக்கிளைச் சாத்திவிட்டு சோறாச்சா என்று கேட்டுவிடுகிறேன். ஆச்சுப்பா, காலையிலேயே ஆச்சே என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். நான் கேட்டது அது இல்லை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வேன்.

குழந்தைக்கு நூறு வயது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் எல்லா நலமும் பெருக வாழ்த்துகிறேன். இருபத்தெட்டாம் தேதி டிக்கெட்டை மாப்பிள்ளையிடம் சொல்லி இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே மாற்றிவிடு, மறக்காதே.

உன் அன்பு அப்பா,
அ. வீரமலை